தும்மல் வராத தூள்

“போவட்டும்” என்று ஒரு வார்த்தை சொல்வதற்குள் என் நாத்தனார் லோகாம்பாள் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினாள். பாதி சொன்னாள், இருமினாள். மீதியைச் சொல்ல வாயெடுத்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். நான் கொல்லையில் மீன் அலசிக்கொண்டிருந்தேன். செதில் ஒட்டிய கையோடு எழுந்து வந்தேன்.

“என்னத்தடி போவட்டும்? ஒம் பொண்ணும் அங்க போயி ஒன்னை மாதிரி இரைக்கணுமா?”

“போவட்டும் அண்ணி” என்று முழுதாகச் சொல்லி முடித்தாள். அதைச் சொன்ன பிறகு அவளுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் தேவைப்பட்டது. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

அது எண்பத்திரண்டாம் வருஷம், ஆனி மாதம். லோகாம்பாளின் ஒரே மகள் அல்லி பத்தாவதில் கணக்கில் தவறிவிட்டாள். சேதி கேள்விப்பட்டு, பல்பொடிக் கொட்டகை முதலாளி பீர் மைதீன் எங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பியிருந்தார். அம்மா உட்கார்ந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது, ஆடி முதல் வெள்ளியிலிருந்து மகள் வந்து உட்காரட்டும் என்று. அல்லி சந்தோஷத்தில் குதித்தாள். அவள் அம்மா தலையாட்டினாள். என் புருஷன் கருப்பையன், தங்கை பேச்சைத் தட்டாதவர், மோவாயைச் சொறிந்துகொண்டு வெளியே போய்விட்டார். அந்த வீட்டில் கூடாது என்று சொல்ல நான் ஒருத்திதான் இருந்தேன்.

அந்த இடம் என்ன இடம் என்று சொன்னால்தான் என் கோபம் விளங்கும்.

லோகாம்பாளின் புருஷன் கப்பலில் வேலை என்று சொல்லிவிட்டுப் போனான், போனவன் போனவன்தான். அல்லியை இடுப்பில் வைத்துக்கொண்டு கோட்டுச்சேரிக்கு, அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அண்ணன் சோற்றை உட்கார்ந்து தின்ன அவளுக்கு மனம் வரவில்லை. எழுபத்தொன்றோ எழுபத்திரண்டோ, ரைஸ் மில்லுக்குப் பின்னால் பீர் மைதீன் கரிப் பல்பொடிக் கொட்டகை போட்டார். நானும் அவளும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம்.

மில் உமியைப் பள்ளத்தில் கொட்டி மூட்டம் போடுவார்கள். கருகியதும் தண்ணீர் தெளித்து, காயவைத்து, உரலில் இடிக்க வேண்டும். இடித்ததை எந்திரத்தில் அரைத்து, பிறகு மல்துணியில் சலிக்க வேண்டும். துணிக்குக் கீழே இறங்குவதுதான் பல்பொடி. உப்பு, படிகாரம், கிராம்பு எல்லாம் அப்புறம் சேரும். என்னை இடிக்கிற பக்கம் போட்டார்கள். அது திறந்த கொட்டகை. உலக்கை விழுந்தால் கரி எழும்பி மூக்கில் ஏறும். காலையிலிருந்து சாயங்காலம் வரை தும்மல்தான். முந்தானையை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொள்வோம். இருமினால் கறுப்புச் சளி வரும், துப்புவோம். எங்களைப் பார்த்து எல்லாருக்கும் பாவமாக இருக்கும்.

லோகாம்பாளைச் சலிக்கிற அறையில் உட்காரவைத்தார்கள். அவள் கை மெல்லியது. துணியைத் தட்டாமல் ஆட்டுவாள். அந்த அறைக்கு இரண்டு ஜன்னல். இரண்டிலும் சாக்கு அடித்திருப்பார்கள். காற்று வந்தால் தூள் பறந்துவிடும், அதுவும் எது பறக்கும்? இருப்பதிலேயே நைசானது பறக்கும். நைசுக்குத்தானே விலை. விசிறிகூடக் கூடாது. உள்ளே போனால் ஒன்றும் தெரியாது, புகைபோலக்கூடத் தெரியாது. கூரை ஓட்டையில் வெயில் இறங்கும் இடத்தில் மட்டும் என்னவோ மிதப்பது போல இருக்கும். அங்கே உட்கார்ந்தவர்கள் யாரும் மூக்கைக் கட்ட மாட்டார்கள். எதற்குக் கட்ட வேண்டும்? தும்மல் இல்லை, கரகரப்பு இல்லை. எங்களைவிட அவர்களுக்குக் கௌரவமான வேலை. வெயில் இல்லை, உலக்கை இல்லை. சாயங்காலம் கிளம்பும்போது முதலாளி ஆளுக்கொரு வெல்லக்கட்டி கொடுப்பார். வெல்லம் தொண்டைத் தூசியை இழுத்துக்கொண்டு வயிற்றுக்குப் போய்விடும் என்பது அவர் கணக்கு. நாங்களும் நம்பித்தான் தின்றோம். லோகாம்பாள் தன் பங்கை முந்தானையில் முடிந்து அல்லிக்குக் கொண்டுவருவாள். தனக்குத்தான் தூசியே இல்லையே என்பாள்.

என் சின்ன மகன் பிறந்ததும் நான் வேலையை விட்டுவிட்டேன். அவள் விடவில்லை. நாகப்பட்டினம் வரை அந்தப் பொடி பேர் வாங்கியது. அவள் சலித்ததை நாக்கில் வைத்தால் வெண்ணெய் மாதிரி போகும் என்று கடைக்காரர்கள் சொன்னதைத் திரும்பத் திரும்ப எங்களிடம் சொல்லுவாள். சொல்லட்டும், அவளுக்கும் பெருமைப்பட வேறென்ன இருந்தது?

எழுபத்தேழு புயலில் எங்கள் கூரை போயிற்று. மூன்று நாள் பள்ளிக்கூடத்தில் ஈரத் துணியோடு கிடந்தோம். அதற்குப் பிறகுதான் அவள் இருமல் எங்கள் காதில் விழுந்தது. சளி இல்லாத வறட்டு இருமல். புயலில் நனைந்தது, போய்விடும் என்றோம். தூதுவளை, கற்பூரவல்லி, எது கிடைத்தாலும் இடித்துக் கொடுத்தேன். போகவில்லை. அடுத்த வருஷம் கிணற்றடியிலிருந்து குடத்தோடு வீட்டுக்கு வர நடுவில் ஒரு தடவை இறக்கிவைத்தாள். அதற்கடுத்த வருஷம் குடத்தையே தொடவில்லை. எழுபத்தொன்பதில் வேலையை விட்டாள்.

விட்டால் நின்றுவிடும் என்று நினைத்தோம். அங்கேதான் எல்லாருக்கும் வாய் அடைத்தது. நிற்கவில்லை. கூடிற்று. டவுனில் ஒரு டாக்டர், டி.பி.யாக இருக்கலாம் என்று ஊசி போட்டார். சளியில் கிருமி இல்லை என்று சீட்டு வந்தது; இருந்தாலும் ஊசி போட்டார். அவள் தட்டு, டம்ளர் எல்லாம் தனியாயிற்று. அக்கம்பக்கத்தில் எங்கள் வீட்டுத் தண்ணீரைக் குடிக்க யோசித்தார்கள். ஊசி போட்டுப் போட்டு இடுப்பு மரத்ததுதான் மிச்சம்.

அந்தக் கொட்டகைதான் காரணம் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. சொன்னால் அவள் விடுவாளா?

“நான் அங்க போயி மூணு வருஷமாச்சு அண்ணி. தூசின்னா நான் விட்டதும் போயிருக்கணும்ல? போவலையே. அப்பறம் அது எப்படித் தூசி?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்னொன்றும் சொல்லுவாள். “நீங்க தும்மித் தும்மிச் செத்தீங்க. ஒங்களுக்கு ஒண்ணும் ஆவல. நான் ஒரு தும்மல் போடல. எனக்கு எப்படி வரும்?” அதற்கும் பதில் இல்லை. பதில் இல்லாமல் சண்டை போடுவது எவ்வளவு கஷ்டம் என்று போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நான் போட்டேன்.

ஆடி வெள்ளிக்கு இன்னும் சில நாள் இருந்தது. வெளியூரிலிருந்து நெஞ்சு டாக்டர் ஒருவர் வாரத்துக்கு ஒருநாள் டவுன் ஆஸ்பத்திரிக்கு வருகிறார் என்று மீன்காரி ஞானமேரி சொன்னாள். லோகாம்பாளை இழுக்காத குறையாக பஸ்ஸில் ஏற்றினேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் நான்கு இடத்தில் நின்றாள். நின்ற இடத்திலெல்லாம் என்னைத் திட்டினாள்.

டாக்டர் ஒரு பெண். வயது முப்பதுகூட இராது. நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, படம் எடுத்துவரச் சொன்னார். எடுத்து வந்ததும் விளக்குப் பெட்டியில் மாட்டிவிட்டுக் கேட்டார்.

“என்ன வேலைம்மா பாத்தீங்க?”

“சமையல் வேலைங்க” என்றாள் லோகாம்பாள்.

நான் திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. ஊசி போட்ட டாக்டரிடமும் இதைத்தான் சொல்லியிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பீர் மைதீன் பேரைச் சொன்னால் இன்ஸ்பெக்டர் வந்து கொட்டகையை மூடிவிடுவான், அவர் வீட்டம்மா சஃபியா, புருஷன் விட்டுப்போய் நின்ற தனக்கு வேலை போட்டுக் கொடுக்கச் சொன்னவள், அந்த வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு ஆஸ்பத்திரியில் போய் அவர்களைக் காட்டிக்கொடுப்பதா என்று நினைத்திருக்கிறாள். விசுவாசம் வேண்டியதுதான். அதற்காகத் தன் நெஞ்சிலே என்ன இருக்கிறது என்று டாக்டரிடமே மறைக்கிறவளை என்ன செய்வது?

“பொய்யிங்க” என்றேன். “உமிக்கரியை மல்துணியில சலிச்சா. ஏழெட்டு வருஷம். ஜன்னலை மூடிக்கிட்டு.”

“அண்ணி!”

“நீ சும்மா இரு.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மூக்கைக் கட்டினீர்களா, அறை எவ்வளவு பெரியது, கூட இருந்தவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று வரிசையாகக் கேட்டார். நான் இத்தனை நாளாக என்னைக் குடைந்துகொண்டிருந்த இரண்டு கேள்வியையும் அவர் முன்னால் வைத்தேன். இடித்த எனக்கு ஏன் வரவில்லை? விட்ட பிறகும் இவளுக்கு ஏன் போகவில்லை?

“நீங்க இடிச்சது பெரிய தூசிம்மா. பெருசை மூக்கு பிடிச்சுக்கும், தொண்ட பிடிச்சுக்கும். தும்மி, இருமி வெளிய தள்ளிடும். ஒங்கள அவ்வளவு பாடு படுத்தின தும்மல்தான் ஒங்களக் காப்பாத்துச்சு. இவங்க சலிச்சதுல பறக்குறது கண்ணுக்கே தெரியாது. மூக்குக்கும் தெரியாது. தும்மல் எப்படி வரும்? அது நேரா நுரையீரலோட அடி வரைக்கும் போயிடும்.”

“சரிங்க. போனது போயி ஒரு மூலையில கெடக்கட்டுமே. என்ன பண்ணுது?”

“அது சும்மாக் கெடந்தாலும் ஒடம்பு சும்மா இருக்காதும்மா. கிருமி வந்தா ஒடம்பு அதைத் தின்னு தீத்துடும். இந்தத் தூளைத் தின்னப் பாக்குது, முடியல. கரைக்கவும் முடியல, வெளிய தள்ளவும் முடியல. ஆனா விடாம சண்ட போடுது. அந்தச் சண்டையில அந்த எடமே வீங்கி, புண்ணாகி, தழும்பாகி இறுகிப்போகுது. வேலைய விட்டா புதுசா தூள் போறது நிக்கும். உள்ள போனது எங்க போகும்?”

படத்தைக் காட்டினார். எனக்கு எழுத்துத் தெரியாது. படம் பார்க்கத் தெரியும். விலா எலும்புகளுக்கு நடுவே, கீழ்ப்பக்கமாக, சிலந்தி வலை கட்டினது போல வெள்ளை வெள்ளையாக இருந்தது.

“இதுதான்னு நூத்துக்கு நூறு சொல்ல மாட்டேன். இந்த மாதிரித் தூளைப் பத்தி எங்களுக்கே முழுசாத் தெரியாது. ஆனா படமும் நீங்க சொல்றதும் ஒத்துப்போவுது. டி.பி. இல்ல, ஊசிய நிறுத்துங்க. வீக்கம் கொறைய மாத்திரை தரேன். இறுகினது எளகாதும்மா. இருக்குறதையாவது காப்பாத்திக்கணும்.”

வெளியே வந்ததும் லோகாம்பாள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். டி.பி. இல்லை என்பதில் அவளுக்குச் சந்தோஷம். மற்றது எதுவும் காதில் ஏறவில்லை.

“சின்னப் பொண்ணு. அதுக்கே முழுசாத் தெரியலன்னு அதுவே சொல்லுது பாருங்க.”

“அல்லி?”

“அவ போவட்டும்.”

மரத்தில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

இவளிடம் பேசிப் பயனில்லை என்று மறுநாள் பீர் மைதீனிடமே போனேன். நல்ல மனுஷர்தான், அதுதான் தொந்தரவு. கெட்டவராக இருந்தால் இரண்டு கத்துக் கத்திவிட்டு வந்திருக்கலாம். நாற்காலி போடச் சொன்னார், டீ சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“லோகாம்பா எந் தங்கச்சி மாதிரிம்மா. அல்லா அறிய அவளுக்குக் கெடுதல் நெனப்பனா? ஆனா நீங்களே யோசிங்க. அது வேலைய விட்டு எத்தினி வருஷமாச்சு? இன்னும் இருமுதுன்னா எம் பொடி என்னம்மா பண்ணும்?”

அதே கேள்வி! ஆனால் இப்போது என்னிடம் பதில் இருந்தது.

“மொதலாளி, ஒங்க உமி மூட்டத்தைத் தண்ணி ஊத்தி அணைக்கிறீங்க. மேல தொட்டா ஜில்லுனு இருக்கு. ரெண்டு நாள் கழிச்சு ஒரு ஆளு அதுல கால வச்சு வெந்துபோனானே, அன்னிக்கு நெருப்பு எங்கேருந்து வந்துச்சு? நீங்க புதுசா வச்சீங்களா?”

அவர் மீசையைத் தடவினார். அப்புறம், “மூக்குக்குத் துணி கட்டச் சொல்றேம்மா” என்றார்.

“எந்தத் துணி? மல்துணியா? அந்தத் துணியில எறங்குறதைத்தானே பொடிங்கிறீங்க. அதுல எறங்குறது மூக்குத் துணியில எறங்காதா?”

“அப்ப என்னதான் பண்ணச் சொல்றீங்க?”

“சாக்கை அவுத்து ஜன்னலைத் தொறங்க.”

“தொறந்தா பொடி பூரா மில்லுக்காரன் கூரை மேலதாம்மா இருக்கும்” என்று சிரித்தார். டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். அதுவும் நல்ல டீ.

ஆடி முதல் வெள்ளியன்று, நான் அம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்றப் போன சமயம் பார்த்து, அல்லி கொட்டகைக்குப் போய்விட்டாள். அவள் அம்மாவே தலைவாரி அனுப்பியிருக்கிறாள். வந்து கேள்விப்பட்டதும் எனக்கு வந்த கோபத்தில் கூழ்ப் பானையைப் போட்டு உடைத்தேன் என்று என் புருஷன் ஊரெல்லாம் சொன்னார். உடைக்கவில்லை. கை தவறி விழுந்தது.

வெயில் சாயும் நேரம் அல்லி திரும்பினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். லோகாம்பாள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அல்லி நேரே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். முகம் சுத்தமாக இருந்தது. கழுவிக்கொண்டு வந்திருக்கிறாள். கண் இமையின் ஓரத்தில் மட்டும் மை தீட்டினது போலக் கறுப்பு.

“அத்தை சும்மா பயமுறுத்துறாங்கம்மா. உள்ள ஒண்ணுமே தெரியல. ஒரு தும்மல் வரல தெரியுமா? நாள் முழுக்க ஒரு தும்மல்கூட வரல!”

லோகாம்பாள் மகளைப் பார்த்தாள். புடவைத் தலைப்பின் முனையை எச்சிலில் நனைத்து, மகளின் இமையை இழுத்து, அந்தக் கறுப்பைத் துடைக்கத் தொடங்கினாள். வரவில்லை. மறுபடி நனைத்தாள், மறுபடி தேய்த்தாள்.

“வலிக்குதும்மா. நாளைக்குப் போனா மறுபடி ஆயிடும், விடு.”

விடவில்லை. கண் சிவக்கும் வரை துடைத்தாள்.

காலையில் நான் எழுந்தபோது லோகாம்பாள் நல்ல புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். “கொட்டகை வரைக்கும் வாங்க அண்ணி” என்றாள். எதற்கு என்று கேட்பதற்குள் படியிறங்கிவிட்டாள். சாதாரணமாக வெற்றிலை போட்டுத் துப்புவதற்குள் போய்விடுகிற தூரம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மில்லில் முதல் நெல் அவியல் இறங்கிவிட்டது. வழியில் எல்லா வேலிப் படலையும் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கையை நீட்டினால் தட்டிவிட்டாள்.

பீர் மைதீன் பதறி எழுந்து வந்தார். “நீ ஏம்மா வந்தே? சொல்லி அனுப்பினா நான் வர மாட்டனா?”

அவள் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சை ஒன்று சேர்த்தாள்.

“மொதலாளி, அல்லி இனிமே வரமாட்டா.”

“ஏம்மா, நேத்து நல்லாத்தானே பண்ணுச்சு?”

“நல்லாப் பண்ணல. அவ கை கனம். துணியத் தட்டுறா. பொடி பேரு கெட்டுப்போயிடும். வேற ஆளப் பாருங்க.”

நான் வாயைத் திறந்தேன். அவள் என் கையைக் கிள்ளினாள். பீர் மைதீன் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். அல்லிக்கு அம்மாவைப் போலவே கை என்று முதல்நாள்தான் அவரே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார். அவருக்குத் தெரியாமல் இல்லை. “சரிம்மா” என்றார். ஒரு வண்டி கட்டச் சொல்லட்டுமா என்று கேட்டார். அவள் வேண்டாம் என்றாள்.

வெளியே வந்ததும் எனக்குத் தாங்கவில்லை. “ஏண்டி, நெசத்தைச் சொன்னா என்ன? பொண்ணு மேல பழி போட்டுட்டு வரியே! இந்தத் தூள்தான் என் நெஞ்ச அரிச்சுதுன்னு சொல்றதுக்கு என்ன கேடு ஒனக்கு?”

“நெசத்தைச் சொன்னா அவரு வாதாடுவாரு” என்றாள். நின்றாள். மூச்சை இழுத்தாள். “எனக்கு வாதாட மூச்சு இல்ல அண்ணி.”

கொஞ்சம் பொறுத்து, “நீங்க சொன்னதுக்காவ ஒண்ணும் இல்ல” என்றும் சொன்னாள். அதை விட மாட்டாளே.

அவளை மில் சுவர் நிழலில் உட்காரவைத்தேன். எனக்கு மூச்சு நன்றாகத்தான் இருந்தது. “எங்க போறீங்க, வேணாம் அண்ணி” என்று அவள் பின்னால் சொல்லச் சொல்ல, திரும்பிக் கொட்டகைக்குள் போனேன். முதலாளியிடம் போகவில்லை; நேரே சலிக்கிற அறைக்குள் போனேன். நாலு பெண்கள் துணியை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் அவர்களுக்குச் சொன்னேன். அடுத்த பக்கம் எந்திரம் ஓடிக்கொண்டிருந்ததால் கத்திச் சொன்னேன். ஒருத்தி சிரித்தாள். ஒருத்தி, வெளியே வேலை இருந்தால் சொல்லுங்கள் வருகிறோம் என்றாள். கொடுக்க என்னிடம் வேலை ஏது? ஆனாலும் ஜன்னலில் இருந்த சாக்கைப் பிடித்து இழுத்தேன். ஆணியோடு வந்தது. வெளிச்சம் விழுந்ததும் அறை முழுவதும் மிதந்துகொண்டிருந்தது அவர்கள் கண்ணுக்கே தெரிந்தது. சிரித்தவள் சிரிப்பை நிறுத்திவிட்டு முந்தானையை எடுத்து மூக்கை மூடினாள். முந்தானைக்கு அது அடங்காது என்று அவளிடம் மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.